மூன்று சுழி

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் இடத்தில் ஓர் எழுத்துருவை முடித்து அனுப்பினால் அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடும். ஒரு கட்டைவிரல் படம். மிஞ்சினால் ஒரு வரி: "நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா பண்ண முடியுமா?" எந்த எழுத்து, எந்த வளைவு என்று ஒன்றும் இருக்காது. அப்போதெல்லாம் ஒரு பச்சைப் பென்சில் ஞாபகத்துக்கு வரும்.

2014 ஜனவரியில், பவாயில் உள்ள ஐ.ஐ.டி. பம்பாயின் வடிவமைப்புத் துறையான ஐ.டி.சி.யில் என் முதுகலை இறுதித் திட்டத்தைத் தொடங்கினேன். அகராதி அச்சிடுவதற்கென்றே ஒரு தமிழ் எழுத்துரு. ஏழு பாயின்ட் அளவில் அடித்தாலும் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிய வேண்டும். அப்பா சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு புரட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். திட்ட அறிக்கையில் என்னென்னவோ காரணங்கள் எழுதினேன். உண்மையான காரணம் அந்தக் கண்ணாடிதான்.

என் கைடு மராத்தியர். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. வாரம் ஒருமுறை பிரின்ட் எடுத்துக்கொண்டு போவேன். அதை மேசையில் வைக்க மாட்டார். சுவரில் ஒட்டச் சொல்லி, நாலடி தள்ளி நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். எழுத்து மங்கிப் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும், எங்கேயும் திட்டுத் திட்டாக இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. தமிழில் அது லேசில் நடக்காது. 'க' கறுத்துக்கொண்டு நிற்கும். 'ட'வும் 'ப'வும் வந்த இடத்தில் பொத்தல் விழும். அவர் பச்சைப் பென்சிலால் பொத்தல்களை வட்டமிடுவார், பிறகு கறுப்பை வட்டமிடுவார். ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன், ஒரே தாளில் 43 வட்டங்கள்.

எனக்குள் பொருமல்தான். படிக்கத் தெரியாதவர் என் தாய்மொழியைத் திருத்துவதா? (விண்டோஸில் நாம் வருடக்கணக்கில் தமிழ் படித்த 'லதா' எழுத்துருவை வடிவமைத்த ஆர்.கே. ஜோஷியும் மராத்தியர்தான், இதே துறையில் பாடம் நடத்தியவர்தான். அது தெரிந்திருந்தும் பொருமினேன்.) பிப்ரவரியில் 'ண'வின் உள்சுழியைச் சுற்றி அழுத்தமாக ஒரு வட்டம் போட்டார். "இங்கே மூச்சு முட்டுகிறது" என்றார். எங்கள் எழுத்து அப்படித்தான் இருக்கும் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. வட்டத்தை அழிக்கவும் இல்லை.

ஏப்ரலில் யாரோ சொல்லித் தாராவிக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகம். அப்போதே ஆஃப்செட்டுக்கு மாறியிருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே மட்டும் ஈய எழுத்துக் கேஸ்கள் தூசியோடு இருந்தன. அங்கே ஒரு பெரியவர் இருந்தார். முதலாளிக்கு மாமா முறை, திருநெல்வேலிக்காரர், நாற்பது வருடம் அச்சுக் கோத்தவர். எல்லோரையும் போல நானும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, தும்பிக்கை வைத்த பழைய 'லை', 'னை' எல்லாம் வழக்கொழிந்த பிறகும், அந்த அச்சுகளை உருக்கப் போடாமல் கேஸின் ஓர் அறையில் தனியாக வைத்திருந்தார். "வரியில இடத்தை அடைக்காது தம்பி, ஒத்தை எழுத்தாப் போயிரும்லா" என்றார். அகராதிக்கு எழுத்துரு செய்கிற எனக்கு அந்தக் கணக்கு அதுவரை தோன்றியதில்லை.

என் பிரின்ட்டைக் கொடுத்தேன். வாங்கினார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கலாமா என்று கை நீட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அச்சுக் கோக்கும் ஸ்டிக்கில் எழுத்தைத் தலைகீழாகத்தான் அடுக்குவார்கள். நாற்பது வருடமாக அவர் கண் அப்படித்தான் பழகியிருந்தது. விரலை ஓட்டினார். பேச்சில்லை. தேநீர் வந்து ஆறிப்போனது. ஏழு பாயின்ட் பத்தியில் விரல் நின்றது.

"இந்த மூணு சுழில, உள்சுழி அடைச்சுக்கிடும் தம்பி. மை நின்னுக்கிடும். அப்புறம் மூணு சுழி ரெண்டு சுழியாயிரும்."

அகராதியில் அது சின்னத் தவறு இல்லை. பணியைத் தேடிப் போனவன் பனியில் நிற்பான்.

அதே சுழி. தமிழ் தெரியாதவர் தள்ளி நின்று பார்த்த இடமும், தமிழைத் தலைகீழாகப் படித்தவர் விரல் வைத்த இடமும் ஒன்று. நேராகப் படிக்கத் தெரிந்த எனக்கு மட்டும் அது தெரியவில்லை. தெரிந்த எழுத்து என்பதால் பார்க்காமலே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்பி வரும்போது சயான் ஸ்டேஷனில் இரண்டு ரயில்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் கைடிடம் போய்ச் சொன்னேன். ஜெயித்துவிட்ட முகம் எதையும் அவர் காட்டவில்லை. அந்த அச்சகத்துக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார். போனாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, இப்போது அது உறுத்துகிறது.

'ண'வை அகலமாக்கினேன். அகலமாக்கியதும் வரி நீண்டது, பத்தி ஓடியது, பக்கத்து எழுத்துகளையும் இளக்க வேண்டியிருந்தது. ஒரு சுழிக்காக முப்பது எழுத்துகளைத் திரும்ப வரைந்தேன். அதற்குள் ஜூன் வந்து, மழை வந்து, ஜூரி வந்துவிட்டது. பாஸ் போட்டார்கள்.

அந்த பிரின்ட்கள் ஊரில் அப்பாவின் பீரோ மேல் ஒரு சாக்கில் கிடக்கின்றன. பொங்கலுக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன். பச்சை கொஞ்சம் மங்கியிருக்கிறது. சில தாள்களில் வட்டத்துக்குப் பக்கத்தில் தேதி, நேரம் எல்லாம் குறித்திருக்கிறார். ஒன்றில் இரவு 11.20. என் எழுத்தை அந்த நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதை அப்போது நான் கவனிக்கவே இல்லை. அண்ணாச்சியின் பெருவிரல் ரேகை இன்னொரு தாளின் ஓரத்தில் மையோடு இருக்கிறது.

எழுத்துருவை இதுவரை வெளியிடவில்லை. கடைசியாக ஒரு பக்கம் அடித்துப் பார்த்தேன். எட்டுப் பாயின்ட்டில் சுத்தமாக இருக்கிறது. ஏழில் அந்த உள்சுழி இன்னும் அடைக்கிறது.