மற்றக் கண்ணை என்ன செய்வது?

மாரி காலத்தில் மன்னார்த் தாம்போதியின் ஓரத்தில் நின்று நோக்குவோருக்கு, ஆழமற்ற நீர்ப்பரப்பின் நடுவே இளஞ்சிவப்புக் கோடொன்று தென்படுவதுண்டு. அது பூநாரைக் கூட்டம். கிட்டச் சென்றாற் பறந்துவிடும், வெறுங்கண்ணுக்கோ வெறுங்கோடுதான். ஆகவே, பறவை பார்ப்போர் முக்காலியிற் பொருத்திய ஒற்றைக்குழல் தொலைநோக்கியை உடன்கொண்டு செல்கின்றனர்.

குழலில் ஒரு கண்ணை வைத்ததும் மற்றக் கண்ணை இறுக மூடிக்கொள்வது அநேகரின் வழக்கம். சில நிமிடங்களிற் கன்னம் வலிக்கும், நெற்றி சுருங்கும், பழி தொலைநோக்கியின் மேல் விழும். உண்மையில் வருந்துவது பார்க்கும் கண்ணன்று. மூடிய கண்ணைச் சுற்றியுள்ள தசையே. அதனை இறுக்கும்போது பார்க்கும் கண்ணின் இமையுங் கூடச் சற்றே சுருங்குகின்றது. ஒரு கண்ணுக்கு வெண்ணெயும் மறு கண்ணுக்குச் சுண்ணாம்பும் வைத்தால் இரண்டுக்கும் சுகமில்லை!

மணிக்கூடு திருத்துபவரைக் கவனியுங்கள். ஒரு கண்ணில் உருப்பெருக்கி இருக்க, மற்றக் கண்ணைத் திறந்தபடியே வேலை செய்வார். பழகப் பழக, வேண்டாத காட்சியை மூளை தானே ஒதுக்கிவிடும். அதுவரை அக்கண்ணின் முன் கறுப்புத் துணியொன்றைத் தொங்கவிடலாம். அல்லது உள்ளங்கையை அழுத்தாமற் குவித்து மறைக்கலாம். இமை திறந்திருப்பதே முக்கியம்.

உருப்பெருக்கத்திலும் பேராசை ஆகாது. 80 மில்லிமீற்றர் பொருள்வில்லையுள்ள குழலில் 20 மடங்கு வைத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 4 மில்லிமீற்றர் அகலம். 60 மடங்கில் அது ஏறத்தாழ 1.3 மில்லிமீற்றராகக் குறுகும். அப்போது தலை சிறிது அசைந்தாலும் காட்சி மறையும். மூக்குக்கண்ணாடி அணிவோர் பார்வைத்துண்டின் விளிம்புக் கிண்ணத்தைத் தாழ்த்திக்கொண்டாற் காட்சி முழுவதும் தெரியும். கழுத்து வளையாத உயரத்தில் முக்காலியை நிறுத்துவதும் அவசியம். சூரியனை மட்டும் குழலால் ஒருபோதும் நோக்கலாகாது.

இவற்றை நாம் விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. எங்கள் தமக்கையாருக்குக் குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோயால் இடக்கண்ணின் பார்வை முற்றாகப் போயிற்று. படியின் ஆழம் மட்டுப்படாது. தேநீர் கோப்பைக்கு வெளியே சிந்தும். "எனக்கு ஒரு கண்தானே, நான் வந்து என்னத்தைப் பாக்கிறது?" என்று பயணங்களை எல்லாம் மறுத்துவந்தார். ஒருமுறை வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். நாமெல்லாம் இமையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மூடுவதற்கோ மறைப்பதற்கோ வேறு கண்ணில்லாத அவர் அரைமணி நேரம் அசையாமல் நின்றார். "அது தலையைக் கவிட்டு வைச்செல்லோ சாப்பிடுது!" என்று பூநாரையின் விநோதத்தை எங்களுக்கு முதலிற் சொன்னவரும் அவரே.

குழலின் முன் ஒற்றைக்கண்ணர், இருகண்ணர் என்ற பேதமில்லை. ஆயினும், அந்நோயாற் போன பார்வை திரும்பி வராது, ஆரம்பத்திற் பெரும்பாலும் வலியுமிராது. ஆகவே நாற்பது வயதைக் கடந்தோர், விசேடமாக இந்நோயுள்ள குடும்பத்தார், காலந்தோறும் கண்களைப் பரிசோதித்தல் நன்று. வீட்டில் ஒருவருக்கு ஒரு கண் போயிருந்தால், அவரையும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். குழலில் முதலிடத்தை அவருக்கே கொடுங்கள்.