ஏரிக்கரையில் ஒரு பகலுணவு

ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால் அவர்களை எங்கே அழைத்துச் செல்வது என்ற பேச்சு நம் இல்லங்களில் எழுவது வழக்கம். இடத்தை ஒருவாறு முடிவு செய்துவிடலாம். அங்கே போய் எதை உண்பது என்பதுதான் நம்மவர்க்குப் பெருஞ்சிக்கல். சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில் நாங்கள் குடும்பத்துடன் நியூ டவுனிலுள்ள எக்கோ பார்க்குக்குச் சென்று வந்தோம். அங்குள்ள காட்சிகளை வருணித்தல் எங்கள் நோக்கமன்று. உண்டதையும் உண்ண இயலாததையும் பற்றியே எழுதப் புகுகின்றோம்.

முன்னாளில் இச்சிக்கல் இருந்ததில்லை. கல்கத்தா 2001ஆம் ஆண்டு கொல்கத்தா எனப் பெயர் மாறியது. எங்கள் வீட்டுப் பெரியோர் வாயில் அது இன்றும் கல்கத்தாவே. லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறிய அக்காலத்துக் குடும்பங்கள் உல்லாசப் பயணம் புறப்பட்டால், 1876இல் திறக்கப்பெற்ற அலிப்பூர் மிருகக்காட்சி சாலைக்குச் செல்லும். அன்றேல் கங்கையைக் கடந்து, 1787இல் நிறுவப்பெற்ற ஷிப்பூர்த் தாவரத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தைக் காணச் செல்லும். எங்கு சென்றாலும் கட்டுச்சோறு உடன் செல்லும். ஒரு தூக்கில் புளியோதரை, ஒன்றில் தயிர்ச்சோறு, வாழையிலையில் மடித்த வடுமாங்காய். மர நிழலில் ஜமக்காளத்தை விரித்துவிட்டால் அதுவே போஜனசாலை.

1991இல் சால்ட் லேக்கில் நிக்கோ பார்க் தோன்றியபின் வழக்கம் மாறலாயிற்று. இராட்டினத்திலிருந்து இறங்கிய குழந்தைகளின் கண்கள் தூக்கின்மீது செல்லவில்லை; எதிரிலிருந்த கடையின்மீது சென்றன. நாமும் நாளடைவில் தூக்குச் சுமப்பதை விட்டோம். ஆனால் வீட்டில் ஒருவர் மட்டும் விடவில்லை.

எங்கள் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. திருமணமாகி இந்நகருக்கு வந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. சில ஆண்டுகளுக்கு முன்பு ஓரிடத்தில் வெஜிடபிள் சாப் வாங்கிக் கொடுத்தோம். பீட்ரூட்டும் காரட்டும் வேர்க்கடலையும் பிசைந்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கும் வங்கப் பண்டம் அது. காய்கறியன்றி வேறொன்றும் அதில் இல்லை. பாதி உண்டபின் அம்மா ஏறிட்டுப் பார்த்தார்கள். அதே வாணலியில் கொடுவா மீன் துண்டங்கள் பொரிந்துகொண்டிருந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இலைத்தொன்னையை மெல்லக் கீழே வைத்தார்கள். அதன்பின் வெளியிடம் எங்கும் அவர்கள் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. நாங்கள் உண்ணும்போது ஒரு புறமாக அமர்ந்து, "நீங்கள் சாப்பிடுங்கள், எனக்குப் பசியில்லை" என்பார்கள். இம்முறையோ, "நான் வந்தால் உங்களுக்கும் தொந்தரவு, வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்" என்றார்கள். பேரன்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

எக்கோ பார்க் 2012ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பெற்றது. 'பிரகிருதி தீர்த்த' என்று அதற்கொரு வங்கப் பெயரும் உண்டு. பரப்பளவு 480 ஏக்கர். அதில் நூறு ஏக்கருக்கு மேற்பட்டது நீர்நிலை. தாஜ்மஹால் முதலிய உலக அதிசயங்கள் ஏழின் மாதிரிகளை ஒரு புறத்தில் எழுப்பி வைத்திருக்கின்றனர். இத்துணைப் பெரிய இடத்தில் உணவுக்கு முதற்கேள்வி சுவையன்று, தூரம். வாயில்கள் பல, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே வெகு தொலைவு. பசி வந்தபின் கடையைத் தேடிப் புறப்பட்டால் முதியோர் களைத்துவிடுவர். எந்த வாயிலில் நுழைகின்றோம், அதற்கருகில் உணவிடம் எது என்பதை முன்னதாகவே கேட்டு வைத்தல் நலம். திங்கட்கிழமை விடுமுறை என்பதையும், டிசம்பர் 25, ஜனவரி 1 ஆகிய நாள்களில் மனித வெள்ளத்தில் அகப்பட நேரும் என்பதையும் அன்பர்கள் நினைவிற்கொள்க.

ஏரியின் நடுவே ஒரு தீவு உண்டு. அங்குள்ள உணவகத்தின் பெயர் 'கஃபே ஏகாந்தே'. இரவு தங்குவோர்க்கென அமைந்த குடில்களுக்கும் அதே பெயர்தான். பெயர்ப்பலகையைப் படித்துக் காட்டியதும் அம்மா சிரித்துவிட்டார்கள்: "ஏகாந்தமா? இவ்வளவு கூட்டத்திலா?" நாற்புறமும் நீர் சூழ அமர்ந்துண்ண விரும்புவோர்க்கு அவ்விடம் ஏற்றது, பொருட்செலவும் அதற்கேற்றவாறே. எங்களுடன் வந்தவர் எண்மர். நடந்து திரிந்து, கண்ட இடத்தில் கொறிப்பதையே குழந்தைகள் விரும்பினர்.

இவ்வகை இடங்களுக்குச் செல்லும் நம்மவர்க்கு ஒன்று கூறுவோம். மசாலா தோசை என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. தோசை உண்ண வேண்டுமாயின் ராஷ்பிகாரி அவென்யூவில் நம்மவர் உணவகங்கள் இருக்கின்றன. பூங்காக்களிலும் கண்காட்சித் திடல்களிலும் எங்களுக்குக் கிடைத்த சாம்பாரில் சர்க்கரையின் ஆட்சியே மிகுதி. பருப்பில் சிறிது இனிப்புச் சேர்ப்பது இந்நாட்டுக் கைப்பழக்கம். அது அவர்கள் சோலார் டாலில் இனிக்கும்; நம் சாம்பாரில் உறுத்தும். எந்த மண்ணில் நிற்கின்றோமோ அந்த மண்ணின் பண்டத்தைக் கேட்டால் ஏமாற்றம் குறைவு.

லூச்சியும் ஆலூர் தமும் அவ்வாறு கேட்கத்தக்கவை. மைதா மாவில் வெள்ளை வெளேரென்று உப்பி வரும் பூரிதான் லூச்சி. குக்னியையும் நாம் அந்நியமாக எண்ண வேண்டியதில்லை. உலர்ந்த பட்டாணியை வேக வைத்துத் தேங்காய்ப் பல் தூவிக் கொடுக்கின்றனர். சென்னைக் கடற்கரையில் பட்டாணிச் சுண்டல் தின்றவன் அதன் உறவு முறையை உடனே கண்டுகொள்வான். ஆயினும் சில கைகள் அதில் கொத்திறைச்சி சேர்ப்பதுண்டு, கேட்டபின் வாங்குக. புச்காவின் புளித்தண்ணீர்பற்றி நாங்கள் எழுதினால் நடுநிலை தவறிவிடும். எங்கள் இல்லாள் பன்னிரண்டு உண்டாள் என்பதோடு நிறுத்துகின்றோம்.

பிற்பகல் இரண்டு மணி ஆயிற்று. அம்மா நீரருகே ஒரு பெஞ்சில் அமர்ந்திருந்தார்கள். நாங்கள் கொண்டு சென்ற வாழைப்பழங்களும் அவர்கள் மடியில் அப்படியே இருந்தன. "வெளியே போவோம்" என்று பேரன் சொன்னான். வாயிலைக் கடந்ததும் சாலையோரத்தில் ஒரு முதியவர் கழுத்தில் தகரப் பெட்டியை மாட்டி ஜால்முரி விற்றுக்கொண்டிருந்தார். டப்பாக்கள் சுற்றிலும் அடுக்கப்பட்டிருந்தன. அம்மா அந்தப் பெட்டியையே உற்று நோக்கினார்கள்.

"பொரிதானே?" என்றார்கள்.

பொரிதான். சரஸ்வதி பூஜைக்கு நாம் படைக்கின்ற அதே அரிசிப்பொரி. எண்ணெய்ச் சட்டி இல்லை, அடுப்பு இல்லை. பேரன் தனக்குத் தெரிந்த வங்க மொழியில், "பாட்டிக்கு, நிராமிஷ்" என்றான். சைவம் என்னும் பொருளில் அவன் அச்சொல்லை வழங்கினான். முதியவரோ வெங்காயத் தட்டை ஒதுக்கிவிட்டு, வெங்காயம் பட்டிருந்த குவளையையும் கீழே வைத்தார். பெட்டியின் அடியிலிருந்து வேறொரு குவளையைத் தேடியெடுத்து, தண்ணீர் ஊற்றி அலம்பினார். எங்களுக்கு வியப்பாக இருந்தது.

அவர் விளக்கியதன் சாரம் இது: வங்கத்துப் பழங்குடும்பங்களில் கணவனை இழந்த பெண்டிர் மீனை மட்டுமன்றி வெங்காயத்தையும் பூண்டையும் விலக்கினர், நிராமிஷ் என்றால் அவர்கள் வீட்டில் அதுதான் பொருள். அவர் தாயாரும் இறுதிவரை அவ்வாறே உண்டாராம். தாயாருக்கெனத் தனியடுப்பு இருந்ததாம். "மாஷீமா, கடுகெண்ணெய் விடலாமா?" என்று அம்மாவையே நேராகக் கேட்டார். மாஷீமா என்றால் தாயுடன் பிறந்தவள், நம் சித்தியோ பெரியம்மாவோ. அம்மாவுக்கு வங்க மொழி நன்கு தெரியும். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக மீன்காரர் தவிர்த்து ஏனைய வியாபாரிகளுடன் பேசியே பழகியவர்கள். "ஒரு சொட்டு" என்றார்கள்.

வறுத்த கடலை, வேகவைத்த உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், சிறிது மசாலாப்பொடி, கீற்றாக அரிந்த தேங்காய். குவளையில் இட்டுக் கரண்டியால் சடசடவென்று கலக்கிக் காகிதப் பொட்டலத்தில் கொட்டிக் கொடுத்தார். அம்மா நின்றபடியே உண்டார்கள். மிளகாயின் காரத்தில் கண்ணீர் வந்தது, உண்பதை நிறுத்தவில்லை. பொட்டலம் காலியானதும், தேங்காய் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்று அவரிடமே குறை கூறினார்கள். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கீற்றுகளை எடுத்து நீட்டினார்.

இனிப்புக்கு நியூ டவுனில் குறைவில்லை. பல கடைகளின் இனிப்புகள் ஒருங்கே கிடைக்குமாறு 2018இல் 'மிஷ்டி ஹப்' என்னும் அங்காடியை அங்கே திறந்தனர். வங்க ரசகுல்லா புவிசார் குறியீடு பெற்றது அதற்கு முந்திய ஆண்டில். பாலைத் திரித்து எடுக்கும் சேனாவினால் ஆனவை இவ்வினிப்புகள். திரிந்த பாலைக் கொட்டிவிடும் வீட்டில் பிறந்த அம்மா, இத்தனை ஆண்டுகளாக ரசகுல்லாவைத் தொட்டதே இல்லை. அன்றும் தொடவில்லை. ஆனால் குளிர்காலத்தில் ஈச்ச மரத்திலிருந்து இறக்கும் சாற்றைக் காய்ச்சிய நோலேன் குட் என்னும் வெல்லத்தை ஒரு கடையில் கண்டார்கள். முகர்ந்து பார்த்து, "நம்மூர்க் கருப்பட்டிக்குத் தங்கை" என்று சொல்லி அரைக் கிலோ வாங்கிக்கொண்டார்கள். அது மறுநாள் எங்கள் வீட்டில் பாயசமாயிற்று.

மாலையில் பைபாஸ் சாலை வழியே திரும்புகையில் குழந்தைகள் உறங்கிவிட்டனர். அம்மா மட்டும் விழித்திருந்தார்கள். அந்த முதியவர் எந்த வாயிலுக்கு எதிரில் நின்றார் என்று எங்களைக் கேட்டார்கள். எங்களுக்கு எண் நினைவில்லை. "அதைக்கூடப் பார்த்து வைக்கவில்லையா?" என்று கடிந்துகொண்டார்கள்.