திறப்பு வந்த நேரம்

கடையிற் பொருள் களவு போனால் இருப்புக் கணக்கைப் பார்த்து அறிந்துகொள்ளலாம். நேரம் களவு போனால் எவ்வாறு அறிவது? அறிந்த பின்னர், களவு செய்தவர் எம்மைத் தூக்கி வளர்த்த ஒருவராக இருந்தால், எந்த முகத்தோடு அவரிடம் பேசுவது? சில ஆண்டுகளுக்கு முன்னர் இக்கேள்விகள் எமது வீட்டு விறாந்தையிலேயே எழுந்தன. அவ்விடயத்தில் நாம் விட்ட பிழைகளையும் மறையாது சொல்வோம். கடை வைத்திருப்போருக்கும், நாளை கடையிலோ கந்தோரிலோ வேலைக்குச் சேரவிருக்கும் மாணவர்களுக்கும் அது பயன்படக்கூடும்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் எமது தந்தையார் தொடக்கிய சிறு புத்தகக் கடை எமது பொறுப்புக்கு வந்தபோது, களஞ்சியத்தைப் பார்த்துவந்த ஒரு பெரியவரும் அதனோடு வந்தார். எம்மிலும் பதினைந்து வயது மூத்தவர். நாம் அவரை 'அண்ணை' என்போம். அவர் எம்மைத் 'தம்பி' என்பார். மழை நாட்களில் எம்மைத் தமது சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டவர் அவர்.

தந்தையார் காலத்தில் நேரக் கணக்கு என்று ஒன்று இருந்ததில்லை. வேலை முடிந்தால் வீடு. முடியாவிட்டால் இரவு வரை கடை. தீபாவளிக்கு வேட்டி சால்வை, வீட்டில் நன்மை தீமை என்றால் கையில் ஓர் உதவி, அவ்வளவே. நாம் இதனை ஒழுங்குபடுத்த எண்ணினோம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்து, அதற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு வேதனம் வழங்கவேண்டும் என்கிறது. அதற்கமைய, வாரநாட்களில் சாப்பாட்டு நேரம் நீங்கலாகக் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை என்றும், சனிக்கிழமைகளிற் பகல் ஒரு மணி வரை என்றும் வகுத்தோம். ஓர் இடாப்பும் வாங்கி வைத்தோம். மேலதிக நேரத்தை அவரவரே எழுதுவர். மாத முடிவில் நாம் கைச்சாத்திடுவோம்.

ஓராண்டு தை மாதம். பாடசாலைகள் தொடங்கியிருந்தமையால் கொப்பி வாங்க வருவோர் கூட்டம் கடையை நிறைத்தது. நாமோ பாடசாலைகளுக்கும் மொத்த வியாபாரிகளிடமும் அலைந்துவிட்டு இரவு எட்டு மணிக்கே வீடு திரும்புவோம். மாத முடிவில் இடாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து உரத்து வாசித்துக் கணக்குப் பார்த்தோம். அண்ணையின் பெயருக்கு நேரே பல நாட்களில் 'மாலை 7.30' என்றிருந்தது. அருகிலே கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாயார் தலை நிமிர்ந்தார்.

"ஏழரையோ? விளக்கு வைக்கிற நேரத்துக்கே திறப்பு வந்திடுமே!"

கடையைப் பூட்டியதும் அடுத்த ஒழுங்கையிலுள்ள எமது வீட்டில் திறப்பைக் கொடுத்துவிட்டுச் செல்வது அண்ணையின் வழக்கம். தாயார் விளக்கேற்றுவது மாலை ஆறு மணியளவில். எமக்கு நெஞ்சு திக்கென்றது.

எமது முதற்பிழை மறுநாள் நேர்ந்தது. கடையில் வேலை செய்த இளைஞனைத் தனியே அழைத்து, அண்ணை எத்தனை மணிக்குப் போகிறார் என்று கவனித்து எமக்குச் சொல்லுமாறு கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "என்னட்டை இதைக் கேளாதையுங்கோ, ஐயா," என்றான். வெட்கிப்போனோம். பின்னர் இடாப்பை மீண்டும் விரித்தபோதுதான் அவனுடைய பக்கம் கண்ணிற் பட்டது. அதே நாட்களில் அவன் எழுதியிருந்த நேரம் மாலை 6.00. இருவரும் ஒரே கதவால் ஒன்றாக வெளியேறியவர்கள்! உளவு தேவைப்படவில்லை. உண்மை இரு மாதங்களாக எமது கைச்சாத்துக்கு மேலேயே எழுதப்பட்டிருந்தது, நாம்தான் வாசிக்கவில்லை.

மார்கழியும் தையுமாக 22 நாட்கள். நாளொன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் வீதம் 33 மணித்தியாலங்கள். ஒன்றரை மடங்கிற் கணக்கிட்டால் நாற்பத்தொன்பதரை மணித்தியாலச் சம்பளம், அதாவது ஒரு முழுக் கிழமைச் சம்பளத்துக்கும் மேல். காசைவிட எம்மை உறுத்தியது வேறொன்று. உண்மை எழுதிய இளைஞன் குறைவாகப் பெற்றுக்கொண்டு, அதைப் பார்த்தபடியே எம்முடன் வேலை செய்திருக்கிறான். வயதுக்கு மரியாதை என்று இதனை விட்டுவிட்டால் அம்மரியாதையின் விலையை அவனல்லவா செலுத்துவான்?

நண்பர் ஒருவர் உடனே வேலையால் நிறுத்தச் சொன்னார். இன்னொருவர் விரலடையாள இயந்திரம் பூட்டச் சொன்னார். சட்டத்தரணியான மைத்துனர் மட்டும் கேள்வி கேட்டார். வேலைநீக்கம் நீதியும் நியாயமும் உடையதா என்று விசாரிக்க 1957ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தினால் தொழில் நியாயசபைகள் ஏற்படுத்தப்பட்டமையை நினைவூட்டி, "அவர் சொல்வதைக் கேட்டீரா?" என்றார். வேலை நேரப் பதிவைச் சரியாக வைத்திருப்பது சட்டப்படி முதலாளியின் கடமை என்பதையும் சொன்னார். அது எமக்குச் சுட்டது.

சனிக்கிழமை கடை பூட்டியபின், ஒருவரும் இல்லாத வேளையில், இரண்டு பக்கங்களையும் அண்ணையின் முன் வைத்தோம். எதுவும் சொல்லவில்லை. நெடுநேரம் பார்த்திருந்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"எழுதினது பிழைதான், தம்பி. ஆனால் ஐயா இருக்கேக்கை தை மாதம் முழுக்க ஒன்பது மணி வரை நிண்டனான். அதுக்கு இடாப்பு இருக்கேல்லை. இப்ப இடாப்பு இருக்கு. ஞாயிற்றுக்கிழமை லொறி வந்தது அதிலை இருக்கோ?"

இல்லை. கொழும்பிலிருந்து வந்த லொறியை இரு ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து ஐந்து மணித்தியாலம் நின்று இறக்கியவர் அவர். மத்தியானச் சாப்பாட்டோடு நாம் அதை மறந்தோம். எமது சொற்படி 24 நாட்கள் காலை ஏழரைக்கே கடை திறந்தவரும் அவரே. கூட்டிப் பார்த்தால் 22 மணித்தியாலங்கள். கேட்டிருந்தால் தந்திருப்போமே என்றோம்.

"கேட்டுப் பழக்கமில்லை, தம்பி," என்றார்.

எமது கோபம் தணிந்துவிடவில்லை. அதிற் பாதி எம்மீதே திரும்பியது. ஆயினும் ஒரு பிழையை மற்றப் பிழையாற் கழித்துவிட நாம் உடன்படவில்லை. கழித்தால் இரண்டும் மறைந்துவிடும். நாம் கொடுக்கவேண்டிய 22 மணித்தியாலங்களுக்குரிய பணத்தைத் தனியாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டு எழுதினோம். லொறி இறக்கிய இளைஞனுக்கும் அவ்வாறே கொடுத்தோம். அண்ணைக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தோம், வாசித்துக் கைச்சாத்திட்டார். பொய்யாக எழுதிய 33 மணித்தியாலங்களின் பணத்தை நாம் சம்பளத்தில் வெட்டவில்லை. மூன்று மாதங்களில் அவர் தாமே கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அன்று முதல் இடாப்பு கடை வாசலில், மணிக்கூட்டின் கீழ் இருக்கிறது. வரும் நேரமும் போகும் நேரமும் அவ்வவ்வேளையிலேயே எழுதப்படும். நாம் நாள்தோறும் வாசித்த பின்னரே கைச்சாத்திடுவோம். முதல் வரியில் எமது நேரமும் உண்டு. பிந்தி வந்த நாட்களில் அதனை எழுதக் கை கூசியது உண்மையே.

அண்ணை அதன் பின்னும் நான்கு ஆண்டுகள் எம்மோடு இருந்தார். ஓய்வுபெற்ற நாளின் மாலையில் பழைய கதைகள் பேசியபடி வாசலில் நின்றோம். மணிக்கூடு 5.25 காட்டியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடாப்பில் 5.00 என்று எழுதினார்.

"மிச்சம் கதைச்ச நேரம், தம்பி," என்றார்.

திறப்பை அன்று எமது கையிலேயே தந்தார். நாம் வீட்டுக்கு வந்தபோது தாயார் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்.