தவளைப் பாய்த்து

நன்னூல் கூறும் சூத்திர நிலை நான்கனுள் ஒன்று தவளைப் பாய்த்து. இடையிலுள்ள சூத்திரத்தைத் தாண்டிச் சென்று அப்பாலுள்ளதனோடு பொருந்துவது அதன் இயல்பு. இதனை 35 ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தேன். தவளைக்கு நுணல், மண்டூகம், பேகம் எனப் பல பெயர் உண்டென்பதும் சொன்னேன். ஆயினும் தவளை ஒன்றை நான் உற்று நோக்கியதில்லை.

2018ஆம் ஆண்டு, இடவப்பாதி மழை பெய்துகொண்டிருந்த நாளில், கீரிப்பாறையில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் வடபால், மழைக்காட்டை அடுத்துள்ள சிற்றூர் அது. கொல்லைக் கிணற்றின்மேல் கவிந்த கிளையில் வெண்ணுரைக் கட்டி ஒன்று இலைகளைப் பற்றித் தொங்கிற்று. யாதோ அழுக்கென்று எண்ணித் துறட்டுக்கோலால் அதனைத் தட்டிவிட்டேன். கிணற்றுக் கட்டின்மேல் விழுந்து சிதறிய நுரையினுள்ளே சின்னஞ்சிறு முட்டைகள்!

"பாட்டா, அது தவளைக் கூடல்லவா!" என்று ஓடிவந்த பேத்தி கண் கலங்கினாள். நான் வாய் திறவாது நின்றேன்.

அன்றிரவு அவளே விளக்கேந்தி என்னை அழைத்துச் சென்றாள். இலைமேல் ஒரு தவளை அமர்ந்திருந்தது. பச்சை முதுகு, செம்மஞ்சள் தோலால் இணைந்த விரல்கள், விரல் நுனிதோறும் வட்டத் திண்டு. ஒளி பட்டதும் அது தாவிற்று. விரல்களை விரித்து, இடைத்தோல் குடைபோல் காற்றைத் தாங்க, தாழ்ந்த கிளைக்குச் சரிந்து சென்றது. தவளைப் பாய்த்தும் பருந்தின் வீழ்வும் ஓருயிரிடத்தே! நன்னூலார் இதனைக் கண்டிருப்பின் யாது செய்திருப்பாரோ?

இதன் பெயர் மலபார் பறக்கும் தவளை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. 1870இல் ஜெர்டன் என்னும் மருத்துவர் இதனை அறிவியல் உலகுக்கு விளக்கினார். இதன் உறவாகிய மற்றொரு தவளைக்கு, மலைக்கு அப்பாலுள்ள களக்காட்டின் பெயரையே 1927இல் இட்டனர். 'பறக்கும்' என்பது உபசார வழக்கு. மேலெழ இதனால் இயலாது. பகலெல்லாம் இலையோடு இலையாய் ஒடுங்கி, இரவில் இரை தேடும். மழைக்காலத்தே பெண் தவளை தான் சுரக்கும் நீர்மத்தைப் பின்கால்களால் அடித்து நுரையாக்கி, அதனுள் முட்டையிடும். நுரை ஈரங்காத்து முட்டைகளைப் பேணும். வெளிவரும் தலைப்பிரட்டைகள் கீழுள்ள நீரில் வீழ்ந்து வளரும். ஆதலின் நீருக்கு நேர்மேலே கிளை வேண்டும்.

மறுநாட் காலையில் அக்கிளைகளை வெட்ட ஓர் ஆள் வந்து நின்றார். சருகு விழுந்து நீர் கெடுகிறதென்று முன்னமே அவரை வரச் சொன்னவன் நானே. மழைக்காலம் கழிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வந்ததற்குப் பாதிக் கூலியேனும் வேண்டுமென்றார். முழுக் கூலியும் கொடுத்தனுப்பினேன்.