ஒரு புட்டியின் மேலட்டைச் சொல்லும் அதன் வேர்களும்

வேதிப்பொருள்களை வகைப்படுத்துவதற்கும் அவற்றின் புட்டிகளில் எச்சரிக்கை அச்சிடுவதற்கும் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த 1272/2008 என்னும் ஒழுங்குமுறையின் ஆங்கில வடிவத்தில், ஹசார்ட், டேஞ்சர் என்னும் இரு சொற்கள் வெவ்வேறு பணியைச் செய்கின்றன. ஒரு பொருளின் இயல்பிலேயே உள்ள, தீங்கு விளைவிக்கும் தன்மையை முன்னது குறிக்க, அத்தன்மை கடுமையாக உள்ள வகைகளுக்கு மேலட்டையில் இடவேண்டிய எச்சரிக்கைச் சொல்லாகப் பின்னது நிற்கிறது. சுவீடிஷ் வடிவத்திலோ இரண்டும் ஃபாரா என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இதை மொழிபெயர்ப்பாளரின் சிக்கனம் என்று கருதுவது பிழையாகும். இதன் காரணம் அந்த மொழியின் இடைக்கால வரலாற்றில் இருக்கிறது.

ஹன்சா எனப்பட்ட வட ஜெர்மானிய வணிக நகரங்களின் கூட்டமைப்பு பால்டிக் கடல் வாணிகத்தை ஆண்ட நூற்றாண்டுகளில், ஸ்டாக்ஹோம், விஸ்பி போன்ற நகரங்களில் குடியேறிய வணிகர்களின் கீழ்நில ஜெர்மன் மொழியிலிருந்து எண்ணற்ற சொற்கள் சுவீடிஷுக்குள் வந்தன. ஆபத்தைக் குறிக்கும் ஃபாரா அவற்றுள் ஒன்று. பயணம் செய்தல் என்னும் பொருளில் அம்மொழியில் தொன்றுதொட்டு வழங்கும் ஃபாரா என்னும் வினை ஒலியால் ஒத்த வேறு சொல். அச்சத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ஃபியர் இந்தப் பெயர்ச்சொல்லின் உறவுச் சொல்லே என்பதுதான் இத்தேடலில் கிடைக்கும் மிக அரிய செய்தி. பழைய ஆங்கிலத்தில் திடீர் ஆபத்தைச் சுட்டிய அது, காலப்போக்கில் உள்ளத்து உணர்ச்சியாகச் சுருங்கியது. புறத்தே உள்ள ஆபத்தைச் சொல்ல ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து சொற்கள் வந்து சேர்ந்தன: தலைவனின் அதிகாரத்தைக் குறித்துத் தொடங்கிய டேஞ்சர், பகடையாட்டத்தின் பெயராக இருந்த ஹசார்ட். சுவீடிஷில் ஃபாரா தன் இடத்தை விட்டு அகலாததால், அவ்விரு பணிகளையும் அதுவே ஏற்க நேர்ந்தது எனலாம்.

ஏவென்டீர் என்னும் சுவீடிஷ் சொல்லின் கதை வேறுவகையானது. பிரெஞ்சிலிருந்து கீழ்நில ஜெர்மன் வழியாக வந்த இச்சொல் அன்றாடப் பேச்சில் சாகசத்தைக் குறிக்கிறது. ஆனால் அதிலிருந்து பிறந்த ஏவென்டீரா என்னும் வினை, ஒன்றை ஆபத்துக்கு உள்ளாக்குதல் என்று பொருள்படும். ஆங்கிலத்திலும் அட்வென்ச்சர் என்னும் சொல்லுக்கு இப்பொருள் முன்பு இருந்தது. பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் கப்பலும் சரக்கும் கடல் இடர்களுக்கு உள்ளாகும் நிலையை அச்சொல்லாலேயே குறிக்கிறது.

அச்சுறுத்தலைக் குறிக்கும் ஹூட் மட்டும் பழைய நார்டிக் வழியில் வந்தது. காத்திக் மொழியிலும் அதன் உறவுச் சொல் உண்டு. சுவீடனின் குற்றவியல் சட்டத்தின் நான்காம் அதிகாரத்தில் சட்டவிரோத மிரட்டலுக்கு இச்சொல்லே ஆளப்பட்டிருக்கிறது. எனினும், அச்சுறுத்த ஒருவர் வேண்டும் என்னும் கட்டுப்பாடு அதற்கு இல்லை. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களைத் தொகுக்கும் சிவப்புப் பட்டியலின் ஆங்கில வடிவத்தில், மூன்று வகைகளை உள்ளடக்கிய பொதுப்பெயர் அச்சுறுத்தலைச் சுட்ட, அவற்றுள் இரண்டின் தனிப்பெயர்கள் ஆபத்தைச் சுட்டுகின்றன; சுவீடிஷிலோ பொதுப்பெயரும் அவ்விரு தனிப்பெயர்களும் ஹூட் என்பதிலிருந்தே ஆக்கப்பட்டவை. அதனால் மூன்றாம் வகையான சோர்பார், அதாவது எளிதில் பாதிக்கப்படக்கூடியது, பெயரில் அச்சுறுத்தல் இல்லாமலே அந்தத் தொகுதியில் சேர்கிறது; அச்சுறுத்தலை நெருங்கியது என்னும் வகையோ பெயரில் அச்சொல்லைத் தாங்கியும் தொகுதிக்கு வெளியே நிற்கிறது. இந்த வகைக்கு 2005ஆம் ஆண்டுச் சுவீடிஷ் பட்டியலில் இருந்த பெயர், சாதகமற்ற நிலையில் உள்ளது என்னும் பொருளுடையது. 2010இல்தான் ஆங்கிலத்தை ஒட்டிய இப்போதைய பெயர் வந்தது.

ரிஸ்க் என்னும் சொல் இத்தாலிய வணிகரின் வழக்கிலிருந்து ஐரோப்பிய மொழிகளில் பரவியது. தீங்கு நேர்வதற்கான வாய்ப்பளவே அதன் கலைச்சொற்பொருள். மூடிய புட்டியில் உள்ள காஸ்டிக் சோடாவின் ஃபாரா குறைவதில்லை, அதைத் தொடாதவருக்கு ரிஸ்க் மிகச் சிறியது. பழைய மேலட்டை வாக்கியங்கள் பொருளின் இயல்பை விளக்கியபோதும் ரிஸ்க் என்னும் பெயரையே தாங்கியிருந்தன. புதிய ஒழுங்குமுறை அவற்றை ஃபாராவின் பெயரால் அழைத்தது.