அத்தைக்கு ஒரு கோடைப் போர்வை

சித்திரை வெயிலில் போர்வையைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சில சகோதரிகள் சிரிக்கலாம். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். ராத்திரி பூரா ஃபேன் சுற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் புழுக்கம் தாங்காது. விடியற்காலையில் அதே ஃபேன் காற்று வயதானவர்களுக்குக் குளிரும். போர்த்தவும் வேண்டும், வேர்க்கவும் கூடாது. இதற்கு என்ன வழி?

எங்கள் ஆரம்பாக்கம் ஆந்திர எல்லையில் இருக்கிறது. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கு அப்பால் கடல். ராத்திரிக் காற்றிலேயே ஈரம் இருக்கும். என் மாமியாருக்கு வயது எண்பது. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து பெரும்பாலும் படுக்கைதான். முதுகெல்லாம் வேர்க்குரு. "தோல் ஈரமாகவே இருந்தால் சீக்கிரம் படுக்கைப் புண் வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார்.

இந்த நிலையில்தான் என் நாத்தனார் ஆசை ஆசையாக ஒரு மெத்துப் போர்வை வாங்கி வந்தாள். பார்க்க வெண்மேகம் போல இருந்தது. இரண்டாம் நாளே அத்தை, "ஏம்மா, போத்துனா வேகுது, எடுத்தா குளுருது. நான் என்னதான் செய்யறது?" என்றார். நாத்தனாருக்கு முகம் வாடிவிட்டது. "விடு கண்ணு, வேற ஏதாவது செஞ்சு பாக்கலாம்" என்று அவளைத் தேற்றிவிட்டு, போர்வைக்குள்ளே எது இருந்தால் நம் ஊருக்கு ஆகும் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

கடைப் போர்வைகளில் பெரும்பாலும் பாலியஸ்டர் பஞ்சுதான் இருக்கிறது. அது கட்டி கட்டாது, துவைத்தால் சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. சாதாரணக் காற்றில் 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வைத்துக்கொள்ளாது. அதோடு, உப்பலாக இருக்கும் பஞ்சுக்குள் காற்று அடைபட்டு நிற்கும். அந்தக் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காப்பது. எவ்வளவு உப்பலோ, அவ்வளவு சூடு.

இலவம்பஞ்சு நமக்குப் பழகியது. தலையணைக்கும் மெத்தைக்கும் அருமையானது. ஆனால் அதன் இழை குட்டையானது, வழவழப்பானது, மேலே மெழுகுப் பூச்சு உள்ளது. மெல்லிய போர்வையில் வைத்தால் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். துவைக்கவும் முடியாது.

அடித்த பருத்திப் பஞ்சை மெல்லிய விரிப்பாக வைக்கலாம். ஜெய்ப்பூர் ரஜாய் அப்படிச் செய்வதுதான். எடை குறைவு, கதகதப்பு அதிகம். ஆனால் அது ராஜஸ்தான் குளிர்காலத்துக்கு ஏற்றது. நமக்கு மார்கழியில் போர்த்திக்கொள்ளலாம், சித்திரையில் ஆகாது.

நம்மைப் போலவே கடற்காற்றும் புழுக்கமும் உள்ள வங்காளத்துப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? பஞ்சே வைப்பதில்லை. பழைய நூல் புடவைகளை அடுக்கி நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுகிறார்கள். அதுதான் காந்தா. இதை எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்காவிடம் சொன்னபோது, "இது எங்க பொந்ததானே!" என்று சிரித்தார். பழம்புடவையே மேல்துணி, பழந்துணியே உள்பஞ்சு.

புடவைக்கு என்னுடையது ஒன்று இருந்தது. உள்ளே வைக்க என்ன செய்வது? அத்தை மெல்ல, "என் பெட்டியில மாமா வேட்டி இருக்கு" என்றார். மாமா போய்ப் பதினோரு வருஷமாக அந்த எட்டு முழ வேட்டியை ஒருவரும் தொட்டதில்லை. என் கணவர் தயங்கினார். "அப்பா வேட்டியில கத்தரி வைக்கணுமா?" வைக்கவே வேண்டியிருக்கவில்லை. எட்டு முழம் பன்னிரண்டு அடி. இரண்டாக மடித்தால் ஆறடி. ஓர் ஆள் போர்வைக்குக் கச்சிதம்.

அளவு சொல்கிறேன். ஆறு கெஜப் புடவை பதினெட்டு அடி. ஆறடி ஆறடியாக இரண்டு துண்டு வெட்டினால் மேலுக்கும் கீழுக்கும் ஆகும். நடுவில் மடித்த வேட்டி. அகலம் கூடுதலாக இருந்தால் ஓரத்தை உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, முதலில் பெரிய தையலாக இழுத்துக்கொண்டு, பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மூன்று விரல் இடைவெளியில் ஓட்டுத் தையல் போடுங்கள். பத்து மத்தியானம் ஆயிற்று. எடை போட்டேன், 650 கிராம்தான்.

புடவை அசல் நூலா என்று சந்தேகம் வந்தால் ஓரத்து இழை ஒன்றை இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும். ஜரிகை முந்தானையைச் சேர்க்காதீர்கள், வயதான தோலில் உராயும்.

அத்தைக்கு வேர்க்குரு தணிந்திருக்கிறது. போர்வை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். உடம்பு துடைப்பதும், பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதும் தவறாமல் நடக்கின்றன. ஆனால் ராத்திரியில் என்னைக் கூப்பிடாமல், வேண்டும்போது தானே இழுத்துப் போர்த்திக்கொள்கிறார், வேண்டாதபோது தானே ஒதுக்குகிறார். பாத்ரூமுக்குக்கூட ஆள் வேண்டியிருக்கிற அவருக்கு அது சின்ன விஷயமில்லை.

இளந்தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எவ்வளவு இலேசானாலும் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை வேண்டாம். முகத்தை மூடினால் அதற்கு விலக்கத் தெரியாது. அதற்கு மெல்லிய நூல் சட்டை போதும்.

நாத்தனாரின் மெத்துப் போர்வை வீணாகவில்லை. பெங்களூரில் படிக்கும் அவள் மகனுக்குப் போயிருக்கிறது. அந்த ஊர் டிசம்பருக்கு அது சரி. நம் ஊருக்குக் கடையில் தேடுவதற்கு முன், வீட்டுப் பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள்.