பத்துக் கன்று

வத்தலக்குண்டு வந்ததும் காருக்குள் ஒரு வழக்கு ஆரம்பமாயிற்று. கொடைக்கானலுக்கு எந்த வழியாகப் போவது என்பதுதான் வழக்கு. பெரிய மலைச்சாலையில் போனால் டம்டம் பாறையில் நின்று தலையாறு அருவியைப் பார்க்கலாம், பகல் சாப்பாட்டுக்கு ஊர் போய்விடலாம் என்பது என் மனைவியின் கட்சி. பையனும் அந்தக் கட்சிதான். பின் சீட்டிலிருந்த அம்மா, "தாண்டிக்குடி வழியாப் போனா என்னப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எதையும் இரண்டாம் தடவை கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. ஆகவே தீர்ப்பு அவள் பக்கம் ஆயிற்று.

நாவலாசிரியர் ராஜம் ஐயர் பிறந்த ஊருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வழியாக மலை ஏறினேன். குறுகல் பாதை. எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். அந்த ஒருவர் நாமாகத்தான் இருப்போம். இரண்டாம் தடவை பின்வாங்கியபோது மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பையன் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டான். ஆனால் பெரும்பாறை தாண்டியதும் அவளே கண்ணாடியை இறக்கச் சொன்னாள். இரு புறமும் காப்பிச் செடிகள். நிழல் மரங்களில் மிளகுக் கொடி. காற்று அப்போதுதான் குளித்துவிட்டு வந்தாற்போல் இருந்தது.

இந்த மலையில்தான் அம்மாவின் அப்பாவுக்கு வாழைத் தோட்டம் இருந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாட்சி வாழை. என் அப்பா வீட்டாருக்குச் சிறுமலையில் நிலம். 1978-ல் கல்யாணம் நிச்சயமானபோது என் பாட்டி, சம்பந்தியிடம் ஆசையாகப் பத்து வாழைக் கன்று கேட்டாளாம். "கன்று இல்லை" என்று தாத்தா சொல்லிவிட்டார். தோட்டம் நிறையக் கன்று நின்றது! "பத்துக் கன்று கொடுக்க மனசில்லாத வீட்டுப் பெண்" என்ற பேச்சைப் பாட்டி இருந்தவரை அம்மா கேட்டாள். அந்தக் கோபத்தில் பிறந்த வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டாள். தாத்தா செத்தபோதுதான் போனாள்.

தாண்டிக்குடிக்கு இப்புறம் ஒரு டீக்கடையில் நின்றோம். கடைக்குப் பின்னால் ஏழெட்டு வாழை. ஒன்றில் மட்டும் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நின்றன.

"அதுக்கு மட்டும் ஏன் குடுமி?" என்றான் பையன்.

"முடிக்கொத்து நோய், தம்பி" என்றார் கடைக்காரர். "குலை தள்ளாது. மருந்தும் கெடையாது, தோண்டி அழிக்கணும். அசுவினிப் பூச்சி பரப்பும். இதோட கன்னைப் பேத்து நட்டா, நட்ட எடத்துக்கும் போயிரும். பார்க்க நல்ல கன்னாத்தான் தெரியும். அந்தக் காலத்துல இந்த மலை வாழையை அழிச்சதே இதுதான்."

அம்மா டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

"என் கல்யாணம் முடிஞ்ச மறு வருஷம் தோட்டம் முழுக்க வெட்டிட்டாராம். ஏன்னு நான் கேக்கலை" என்றாள். சற்றுப் பொறுத்து, "சீக்குத் தோட்டம்னு சொல்லியிருந்தா கல்யாணம் நின்னிருக்கும். கன்னைக் கொடுத்திருந்தா உங்கப்பா நிலம் போயிருக்கும். ரெண்டும் வேண்டாம்னு கஞ்சன்னு பேர் வாங்கிக்கிட்டார்" என்றாள்.

பிற்பாடு சிறுமலைக்கும் அந்த நோய் வரத்தான் வந்தது. எவர் கொடுத்த கன்றோடு வந்ததோ, தாத்தாவின் கன்றோடு வரவில்லை.

பண்ணைக்காடு, ஊத்து கடந்து பெரிய சாலையைப் பிடித்தபோது மணி நாலு. அருவியும் இல்லை, சாப்பாடும் இல்லை. யாரும் குறை சொல்லவில்லை. கடையில் வாங்கிய மலைவாழைப்பழச் சீப்பு அம்மாவின் மடியில் இருந்தது. பையன் ஒரு பழம் கேட்டான்.

"பத்து வேணும்னாலும் எடுத்துக்கோடா" என்றாள் அம்மா.